சவுண்டல் இலையும் ஹவாய் ஆடுகளும்

புல்லைத் தின்பது மாடு, செரிப்பது மாடல்ல. நாரில் உள்ள செல்லுலோசை உடைக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன. 1940களில் அமெரிக்கரான ராபர்ட் ஹங்கேட், ஆக்சிஜன் படாமல் அவற்றை வளர்க்கும் முறையை உருவாக்கி, நாரைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். எந்த நாட்டு மாடானாலும் வயிற்றுக்குள் இருக்கும் கூட்டம் ஏறத்தாழ ஒன்றுதான் என்று பலரும் நெடுநாள் எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தை அசைத்தது ஒரு செடி.

தமிழ்நாட்டில் அது சவுண்டல் அல்லது சூபாபுல். இலங்கையில் இப்பில் இப்பில். அந்தப் பெயரே பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. தாயகமோ மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். ஸ்பானியர் கப்பலேறிப் பசிபிக்கைக் கடந்து, பிறகு வெப்ப நாடுகளெங்கும் பரவியது. நான் குடியேறி வாழும் குவீன்ஸ்லாந்துக்கும் வந்தது. வறட்சியைத் தாங்கும், இலையில் புரதம் மிகுதி. ஆனால் இங்கே அதையே மேய்ந்த மாடுகளுக்கு முடி கொட்டியது, தைராய்டு வீங்கியது, எடை ஏறவில்லை.

காரணம் இலையிலுள்ள மைமோசின். இரைப்பை நுண்ணுயிர்கள் அதை டிஎச்பி என்ற பொருளாக மாற்றும். ஆஸ்திரேலிய மாடுகளில் சிதைவு அதோடு நின்றது. அந்த டிஎச்பி தைராய்டைக் கெடுத்தது.

டவுன்ஸ்வில்லில் பணியாற்றிய ரேமண்ட் ஜோன்ஸ் ஒரு முரணைக் கவனித்தார். ஹவாயில் ஆடுகள் இதே இலையைத் தின்று நலமாக இருந்தன. வேறுபாடு வயிற்றுக்குள் இருக்குமோ என்று 1981இல் வெளியான கட்டுரையில் கேட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இந்தோனேசிய ஆட்டிலிருந்தும் ஹவாய் ஆடுகளிலிருந்தும் எடுத்த இரைப்பை நுண்ணுயிர்கள் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு ஏற்றப்பட்டன. நஞ்சு முறிந்தது. காரணமான பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயராலேயே சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டனர். அது நாரைத் தொடாது, சர்க்கரையையும் உண்ணாது. சில அமினோ அமிலங்களும் டிஎச்பியுமே அதன் உணவு. நாரைச் செரிப்பவை எத்தனை இருந்தாலும், இந்தச் சிறுபான்மை செயல்படாத வயிற்றில் சவுண்டல் தீவனமாவதில்லை.

கதை அங்கே முடியவில்லை. பின்னாளில் மரபணுச் சோதனைகள் நுட்பமானபோது, இதே இனத்தின் சற்றே மாறுபட்ட வகைகள் பல நாட்டுக் கால்நடைகளில் தென்பட்டன. புதிதாக எதுவும் ஏற்றப்படாதவற்றிலும்கூட. தரவுத்தளங்களோடு காலம் தள்ளும் எனக்கு இது பழகிய பாடம்: ‘இல்லை’ என்பது வேறு, ‘பதிவாகவில்லை’ என்பது வேறு. ஆகவே, உள்ளூர் மாட்டிடம் அது இல்லவே இல்லை என்று இன்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தும் ஏன் போதிய அளவு வேலை செய்யவில்லை என்பதே கேள்வி.

பயிர்கள் நாடு கடந்த வரலாற்றை எழுதும்போது விதையையும் கப்பலையும் தோட்டத்தையும் குறிக்கிறோம். அந்த இலையை உணவாக்கிய உயிர்களுக்கு அதில் ஒரு வரிகூட இருப்பதில்லை. சவுண்டல் குவீன்ஸ்லாந்தில் வேரூன்றியது எப்போதோ நடந்துவிட்டது. இங்கே அது நம்பித் தின்னத்தக்க தீவனமானது, ஓர் ஆட்டின் வயிற்றைப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றிய பிறகுதான்.