இரண்டாம் கிரேடு பிளீடர்

எங்கள் மந்தைவெளி தெருவில் ஒரு பையன் க்ளாட் எழுதினான். 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்பான விடைக்குக் கால் மார்க் போய்விடும். ராங்க் எங்கேயோ பின்னால் வந்தது. அவனுடைய தாத்தா நாகேஸ்வரராவ் பூங்காவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வக்கீலாகணும்னு ஆசைப்பட்டான் சார். அவ்வளவுதான்" என்றார்.

அந்த "அவ்வளவுதான்" எனக்குச் சரியாகப் படவில்லை. க்ளாட் வந்ததே 2008ல்தான். பழைய மெட்ராஸில் பரீட்சை வாசலில் இல்லை, கடைசியில்தான் இருந்தது. தெருவிளக்கில் படித்ததாக நம் வாத்தியார்கள் சொல்வார்களே, அந்த முத்துசாமி ஐயர், 1856ல் பிளீடர் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவர். சட்டப் பட்டம் வாங்கியது பல வருஷம் கழித்து, உத்தியோகத்தில் இருந்துகொண்டே. 1878ல் ஹைகோர்ட் ஜட்ஜ். 1891ல் சட்டக் கல்லூரி வந்த பிறகும் பட்டம் இல்லாதவர்களுக்குப் பிளீடர் பரீட்சை என்ற வழி திறந்தே இருந்தது. வ.உ.சி. அப்படித்தான் தேறி ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். (சிறைவாசத்தால் போன சன்னதைத் திரும்பப் பெற உதவிய வெள்ளைக்கார ஜட்ஜ் வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். எப்பேர்ப்பட்ட மனசு!)

ஆனால் அந்தத் திறந்த வழியிலும் ஒரு சூது இருந்தது. அதற்கு டங்குடூரி பிரகாசத்தைத்தான் சொல்ல வேண்டும். தகப்பனில்லாத பிள்ளை. அம்மா ஓங்கோலில் சாப்பாட்டு விடுதி நடத்திப் படிக்க வைத்தார். மெட்ரிக்குலேஷனிலேயே ஒருமுறை தவறியவர். எப்படியோ தேறி, மெட்ராஸ் வந்து படித்து, இரண்டாம் கிரேடு பிளீடரானார். ராஜமுந்திரியில் நல்ல பெயர், நல்ல வருமானம், நகராட்சித் தலைவர் பதவியும் வந்தது. எல்லாம் இருந்தும், இரண்டாம் கிரேடு ஆள் கீழ்க் கோர்ட்டோடு சரி. தன் கட்சிக்காரரின் வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனால் வேறொருவர் கையில் கட்டைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு வேலையாக மெட்ராஸ் வந்தபோது, அவருடைய திறமையைக் கண்ட ஒரு பாரிஸ்டர், நீங்களே லண்டன் போய்ப் படித்தால் என்ன என்று கேட்டாராம். 1904ல் புறப்பட்டுவிட்டார். தொழில் நன்றாக ஓடுகிற முப்பது வயதுக்காரர், மாமிசம் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். பாரிஸ்டராகத் திரும்பி, இரண்டாம் கிரேடுக்கு இடமில்லாத அதே ஹைகோர்ட்டில் வாதாடினார். பிறகு தொழிலையும் விட்டுக் காங்கிரசுக்குப் போனார். 1928ல் சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது பாரிமுனையில் போலீஸ் துப்பாக்கிக்கு முன் மார்பைக் காட்டியதும், 1946ல் மாகாணத்தின் பிரதமரானதும் நம்மில் பலருக்குத் தெரியும். ஹைகோர்ட்டுக்கு எதிரே ஆரம்பிக்கிற பிராட்வேக்கு இன்று பிரகாசம் சாலை என்றுதான் பெயர்.

பிளீடர், வக்கீல் என்ற படிக்கட்டுகளை 1961 வழக்கறிஞர் சட்டம் எடுத்துவிட்டது. இப்போது எல்லோரும் அட்வகேட். படிக்கட்டு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்க முதலில் போவது தேசிய சட்டப் பள்ளிகளுக்குத்தான். அதை அந்தத் தாத்தாவிடம் மறைக்கவும் இல்லை. ஆனால் கிரீன்வேஸ் ரோடு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் ஐந்து வருஷப் படிப்புக்குப் பிளஸ் 2 மார்க்தான் கணக்கு, க்ளாட் மார்க்கை யாரும் கேட்பதில்லை. படித்து முடித்தபின் அகில இந்திய பார் பரீட்சை இருக்கிறது. அது எந்தக் கல்லூரியில் படித்தவனுக்கும் ஒன்றுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாத்தா ஒரே கேள்வி கேட்டார். "அங்க படிச்சா ஹைகோர்ட்ல நிக்கலாமா சார்?"

தாராளமாக நிற்கலாம் என்றேன். சுப்ரீம் கோர்ட்டிலும்தான்.

பையனுக்குப் பிளஸ் 2வில் என்ன மார்க் என்று அப்போதுதான் விசாரித்தேன். 81 சதவிகிதமாம்.