பேனாக்கத்திக்கு முன்பிருந்த கத்தி

கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையைப் பார்க்கப் போயிருந்தபோது வழியில் நுங்கு தின்ன நின்றேன். வெட்டிக் கொடுத்த பெரியவரின் கையில் முதுகு தடித்த அரிவாள். ஒரே வீச்சில் குலைக்காயின் தலை பறந்தது. என் பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. பெருமையாக அதை விரித்து, கொண்டுபோன மாங்காயில் கீற்றுப் போட முனைந்தேன். கத்தியின் வாய் பாதி இறங்குமுன்பே காய் 'டப்' என்று வெடித்துக் கோணலாய் உடைந்தது. அது வெட்டவில்லை, பிளக்கிறது என்றார் பெரியவர். கூர் குறைவு என்று நான் நினைத்திருந்தேன். அவரோ கத்தியின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அவர் சொன்னது கணக்குக்கும் ஒத்துவருகிறது. கத்தி என்பது ஓர் ஆப்பு. அலகின் அகலம் 24 மில்லிமீட்டர் என்றும், முதுகிலிருந்து வாய்வரை ஒரே சரிவாய்த் தேய்க்கப்பட்டது என்றும் கொள்வோம். முதுகின் கனம் 3 மில்லிமீட்டரானால் அந்த ஆப்பின் கோணம் ஏறத்தாழ 7 பாகை. கனம் பாதியானால் கோணமும் பாதி. இரண்டின் வாயையும் ஒரே கல்லில், ஒரே கோணத்தில் தீட்டியிருக்கலாம். தாளிலோ தாடியிலோ இரண்டும் ஒன்றுபோலவே கூர் காட்டும். ஆனால் மாங்காய் போன்ற விறைத்த பொருளில் இறங்கும்போது தடித்த அலகு இருபுறத்தையும் நெட்டித் தள்ளுகிறது. வாய் போய்ச் சேருமுன் பிளவு முந்திக்கொள்கிறது. கூர் வேறு, அறுக்கும் திறம் வேறு.

சாணை பிடிக்கும் முறையும் இதில் சேரும். வட்டச் சாணைக்கல்லில் குழிவாகத் தேய்த்த சவரக்கத்தி வாயருகே மிக மெலிந்தது. ஆழமாக இறங்க வேண்டிய வேலை அதற்கு இல்லை. இறங்கினால், குழிவு முடிந்து கனம் தொடங்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். கன்னம் உப்பலாகத் தேய்த்த கோடரி அதற்கு நேர்மாறு: பிளப்பதே அதன் தொழில், வாயும் எளிதில் உடையாது. முதுகிலிருந்து தட்டையாகச் சரியும் மெல்லிய அலகே அறுப்பதற்கு உரியது.

இதை எழுதக் காரணம் மாங்காய் அன்று, எழுத்தாணி. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகை சொல்கிறார். வாரெழுத்தாணியின் ஒரு முனையில் எழுதும் ஊசி, மறுமுனையில் ஓலை வாரும் கத்தி. மடக்கெழுத்தாணியில் இவ்விரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். நம் முன்னோர் கைவசம் இருந்த மடக்குக் கத்தி இதுதான் என்பேன். பாடம் எழுதுவோருக்கு ஊசி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்தச் சிறு அலகு. நம் இலக்கிய வரலாறுகள் ஊசியைப் பற்றி நிறையப் பேசிவிட்டன. கத்தியைப் பற்றிப் பேசினவை குறைவு.

பனையோலையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுபவை. ஈர்க்கை நீக்கி, நரம்போடு நரம்பாக ஓலையை வாரும்போது தடித்த அலகு செருகப்பட்டால் மாங்காய்க்கு நேர்ந்ததே ஓலைக்கும் நேரும். கை நினைத்த கோட்டை விட்டுவிட்டு, நரம்பு காட்டிய வழியிலேயே பிளவு ஓடும். மெல்லிய அலகாயின் கோடு எழுதுபவன் வசம். ஓரம் சீவுவதிலும் அப்படியே: பல ஓலைகளை அடுக்கி ஓர் அளவாகச் சீவும்போது அலகு முழு அடுக்கினூடும் இறங்கியாக வேண்டும், வாய் மட்டும் கூராயிருந்து பயனில்லை. பிசிறு தட்டிய ஓரம் கட்டிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். நீட்டியது முதலில் ஒடியும். ஒடிந்ததோடு வரியின் முதலெழுத்தோ ஈற்றெழுத்தோ போகும். ஏடுகளை அழித்ததில் செல்லுக்கும் ஈரத்துக்குமே பெரும் பங்கு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஓரம் சிதைந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விடுபட்ட சீர் எதுவாயிருக்கும் என்று திகைத்தவர்களுக்கு அந்தக் கத்தியின் நினைப்பும் வந்திருக்க வேண்டும்.

மெல்லிய அலகு வேண்டுமென்றால் அதைத் தாங்கும் உருக்கு வேண்டும். மென்மையான இரும்பை மெலிதாக்கினால் வாய் மடங்கும். நொய்யற்கரைக் கொடுமணலில் இரும்பும் உருக்கும் ஆக்கிய உலைகளின் எச்சங்கள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றழைத்ததும் தென்னாட்டு உருக்கையே. ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து 1795இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதினார். சோதித்துப் பார்க்க ஜேம்ஸ் ஸ்டொடார்ட் என்ற கத்திக் கொல்லரிடம் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். அவர் அதில் அடித்தது வாளன்று, பேனாக்கத்தி: இறகுப் பேனாவைச் சீவும் சிறு கத்தி. அதன்பின் இவ்வுருக்கை ஐரோப்பிய உருக்கைவிட மேலானதென்று தம் கடை விளம்பர அட்டையிலேயே அச்சிட்டுக்கொண்டார் ஸ்டொடார்ட். ஃபாரடே அவரோடு சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்தது 1820க்குப் பிறகும் தொடர்ந்தது. இங்கே ஓலை வாரிய உருக்கு அங்கே இறகு சீவியது. சட்டைப்பைக் கத்தியைப் 'பேனாக்கத்தி' என்று ஆங்கிலேயர் வழியில் நாம் அழைக்கத் தொடங்கியபோது, எழுதுகோலும் கத்தியும் ஒரே உடலாய் இருந்த நம் கருவியை மறந்துபோனோம்.

முற்றிலும் மறந்தோமென்றும் சொல்வதற்கில்லை. பனையேறிகள் இடுப்புப் பெட்டியில் இரண்டு அரிவாள் வைத்திருப்பார்கள்: மட்டை கழிக்கக் கனத்த ஒன்று, பாளை சீவ மெல்லிய ஒன்று. பாளையின் நுனியை ஒவ்வொரு நாளும் சீவல் சீவலாகத்தான் எடுக்க வேண்டும். நசுங்கினால் பதநீர் ஒழுகாது. பாளை அரிவாளைக் கொண்டு மட்டையை வெட்டச் சொன்னால் எந்தப் பனையேறியும் அதைத் தர மாட்டார்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் வாரெழுத்தாணி ஒன்று கிடக்கிறது. அவருடைய ஏடுகள் எப்போதோ ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. இரும்பு என்பதால் இது மட்டும் தங்கிற்று. கல்லூரியின் இயற்பியல் கூடத்தில் வெர்னியர் வாங்கி அளந்து பார்த்தேன்: முதுகின் கனம் 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அங்கிருந்து வாய்வரை ஒரே சரிவு. தீட்டித் தீட்டி நடுவில் சற்றே உள்வாங்கியிருக்கிறது, ஆயிரக்கணக்கான ஓலை வாரியதன் அடையாளமாக. துரு ஏறிய அந்த வாயைச் சாணை பிடிக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிடித்தால் பளபளக்கும்; அவர் கை தேய்த்த சரிவு போய்விடும். அப்படியே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.