நரம்பைக் கற்பித்தவர்கள்



ஆவடியை அடுத்த வெள்ளானூரில் எங்கள் வீட்டில் மஃரிபுக்குப் பிந்தைய நேரம் பிள்ளைகளின் படிப்புக்குரியது. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு நாள் ‘நரம்பு மண்டலம்’ பாடத்தை ஒப்பித்தாள். நியூரான், டென்ட்ரைட், ஆக்ஸான், 12 இணை மூளை நரம்புகள், 31 இணை தண்டுவட நரம்புகள் என ஓரெழுத்தும் பிசகவில்லை. “உன் உடம்பில் ஒரு நரம்பைத் தொட்டுக் காட்டு” என்றேன். புறங்கையைத் திருப்பி, தோலுக்கடியில் ஓடும் நீலக்கோட்டைக் காட்டினாள். அது குருதியைக் கொண்டுசெல்லும் சிரை.

பிழை அவளுடையது மட்டுமன்று. ஊசி போடுகிறவர் “நரம்பு கிடைக்கவில்லை” என்கிறார். அவர் தேடுவது சிரையை. கால் சுளுக்கினால் “நரம்பு பிசகிவிட்டது” என்கிறோம். பிசகியது பெரும்பாலும் தசையோ தசைநாரோ ஆகும். யாழின் தந்திக்கும் தமிழில் நரம்பு என்றே பெயர். திருமறையின் காஃப் அத்தியாயத்தில் வரும் ‘ஹப்லுல் வரீத்’ என்பதை நம் மொழிபெயர்ப்புகள் பலவும் ‘பிடரி நரம்பு’ என்றே தருகின்றன. வரீத் என்பது குருதிக்குழாய். குருதிக்குழாயையும் நரம்பு என்று சொல்வது தமிழ் வழக்காதலால் அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு சொல் இத்தனை பொருள்களைச் சுமக்கும்போது மாணவர் எதைப் பற்றிக்கொள்வார்?

சிரையையும் நரம்பையும் பிரித்துச் சொல்லி முடித்தபின் மகள் கேட்டாள்: “அப்ப நன்னாவுக்குக் கோளாறு மூளையிலதானே? நாம ஏன் கையைத் தேய்ச்சுக்கிட்டிருந்தோம்?”

இரண்டாண்டுகளுக்கு முன் என் வாப்பா ஃபஜ்ருக்கு ஒளூச் செய்கையில் வலக்கையிலிருந்து செம்பு நழுவி விழுந்தது. பேச்சும் குழறியது. “நரம்பு இழுத்துக்கொண்டது” என்று முடிவு கட்டி, தைலம் காய்ச்சி, ளுஹர் வரை கையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். மருத்துவமனை சேர்ந்தபோது, மூளையின் இடப்பக்கத்தில் இரத்த ஓட்டம் அடைபட்டிருப்பதாகவும், அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குரிய நேரம் கடந்துவிட்டதாகவும் சொன்னார்கள். அன்று எங்களிடம் அன்பு இருந்தது, பாடம் இல்லை. அந்தப் பாடம் எவர் எவர் கைகளைக் கடந்து நம் பிள்ளைகளின் புத்தகத்திற்கு வந்தது என்பதைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ரோமில் மரத்துப்போன விரல்கள்

மகள் கேட்ட அதே கேள்வி சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ரோம் நகரில் எழுந்தது. சிரியாவைச் சேர்ந்த பாஸானியாஸ் என்னும் அறிஞருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலில் பாதியும் உணர்விழந்தன. மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்திட்டு வந்தனர், குணமில்லை. பின்னர் அவரைப் பார்த்தவர் கேலன். நம் முன்னோர் ‘ஜாலீனூஸ்’ என்று அழைத்த கிரேக்க மருத்துவர் இவரே. அண்மையில் அடிபட்டதுண்டா என்று அவர் விசாரித்தார். வண்டியிலிருந்து விழுந்ததில் முதுகின் மேற்பகுதி கல்லில் மோதியதாக விடை வந்தது. அவ்விரல்களுக்குச் செல்லும் நரம்பு கழுத்துத் தண்டின் அடிப்பகுதியிலிருந்து புறப்படுவதை விலங்குகளை அறுத்துப் பார்த்து கேலன் அறிந்திருந்தார். விரலுக்கு இட்ட மருந்தை எடுத்து நரம்பு தோன்றும் இடத்தில் இடச் செய்தார். நோயாளி குணமடைந்தார் என்று அவரே பதிவு செய்திருக்கிறார்.

நோய் தெரியும் இடம் ஒன்று. நோய் இருக்கும் இடம் வேறு. நரம்பியலின் முதற்பாடம் இதுவே. இந்நிகழ்ச்சி இடம்பெற்ற நூல், அலெக்சாந்திரியாவில் மருத்துவ மாணவர்களுக்கு வகுக்கப்பட்ட 16 கேலன் நூல்களுள் ஒன்று. அந்த வரிசையே பின்னர் அரபு மாணவர்களையும் வந்தடைந்தது.

பக்தாதில் உறுதிப்பட்ட சொற்கள்

அதைக் கொண்டுசேர்த்தவர்களுள் முதன்மையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். ஹீராவில் பிறந்த இவர் கிறிஸ்தவர். கலீஃபாக்களின் ஆதரவில் பக்தாதில் பணியாற்றி கி.பி. 873இல் மறைந்தார். கேலனின் 129 நூல்களைப் பட்டியலிட்டு, எதை எவர் எம்மொழியில் பெயர்த்தார் என்று விளக்கும் நீண்ட கடிதம் ஒன்றை அவர் எழுதினார். ஒரே ஒரு நூலைத் தேடி இராக், சிரியா, பாலஸ்தீன், எகிப்து எங்கும் அலைந்து, இறுதியில் திமிஷ்கில் அதன் பாதியளவை மட்டுமே பெற்றதாக அதில் சொல்கிறார். கிடைத்த பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே மொழிபெயர்த்தார். தொடக்க மாணவர்களுக்காக வினாவிடை வடிவில் ஒரு மருத்துவ நூலையும் இயற்றினார்.

நமக்கிருந்த சொற்குழப்பம் அவர்களுக்கும் இருந்தது. கிரேக்கத்தில் ‘நியூரான்’ என்ற சொல் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. அரபியில் ‘அஸப்’ என்பது கட்டுதல், பிணித்தல் என்ற வேரிலிருந்து வந்தது. யூஸுஃப் நபியின் சகோதரர்கள் தம்மைக் குறிக்கச் சொன்ன ‘உஸ்பா’ என்பதும், வாரிசுரிமைச் சட்டத்தில் நாம் அறிந்த ‘அஸபா’ என்பதும் இவ்வேரின் கிளைகளே. நாண், கட்டு, யாழ்த்தந்தி என மூன்று மொழிகளிலும் நரம்பு ஒரு கயிற்றிலிருந்தே பெயர் பெற்றிருக்கிறது! மொழிபெயர்ப்பாளர்கள் இதைப் பிரித்து ஒழுங்கு செய்தார்கள்: உணர்வையும் அசைவையும் கொண்டுசெல்வது அஸப், தசையை எலும்போடு சேர்ப்பது வதர், குருதி செல்லும் குழாய்களுக்கு வரீத், ஷிர்யான் என்ற தனிப்பெயர்கள், மூளைக்கு திமாக், தண்டுவடத்திற்கு நுகாஉ. சொல் தெளிந்தபின் பாடம் தெளிந்தது.

இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலின் முதற்பாகத்திலேயே நரம்புகளை இணை இணையாக எண்ணிக் காட்டுகிறார். தண்டுவட நரம்புகள் 31 இணை. இறுதியில் இணையில்லாத ஒன்று. என் மகள் ஒப்பித்த எண்ணும் 31 தான்! மூளை நரம்புகளை அவர் கேலனைப் பின்பற்றி 7 இணைகளாக எண்ணினார். இன்றைய கணக்கு 12.

ஆசானையும் சோதித்தவர்கள்

சகோதரர்களே, இங்கு நாம் நேர்மையாக இருக்க வேண்டும். ‘எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்தோம்’ என்ற பேச்சு மேடையில் கைதட்டல் வாங்கும். ஆனால் நம் முன்னோரே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. நம் மருத்துவத்திற்கு அவர்கள் இட்ட பெயர் ‘யூனானி’, அதாவது கிரேக்கருடையது. அரும்பாக்கத்திலுள்ள அரசு யுனானி மருத்துவக் கல்லூரியின் பெயர்ப்பலகையிலும் அந்த நன்றியறிதல் இருக்கிறது.

பெற்றதை அவர்கள் கண்மூடிப் போற்றவுமில்லை. கி.பி. 925 வாக்கில் மறைந்த அர்ராஸீ, ‘ஜாலீனூஸ் மீதான ஐயங்கள்’ என்றே ஒரு நூல் எழுதினார். 1200ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் கொடும்பஞ்சம் நேர்ந்தபோது அங்கிருந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ, குவிந்து கிடந்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது கேலனின் கூற்று. தாமும் பிறரும் பார்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளில் அது ஒரே எலும்பாகவே இருந்தது என்று அவர் எழுதினார். கேலன் எவ்வளவு பெரியவராயினும், நேரிற்கண்ட சான்று அவரினும் பெரிது என்பது அவர் நிலைப்பாடு.

அவர்களும் தவறியதுண்டு. நரம்பின் வழியே மென்மையான ஆவி போன்ற ஒன்று ஓடுகிறது என்ற கேலனின் கருத்தை இப்னு சீனா ஏற்றிருந்தார். அதை மருத்துவ நூல்கள் ‘ரூஹ் நஃப்ஸானீ’ என்றன. இத்தாலியின் கால்வானி 1791இல் தவளைக்கால் ஆய்வுகளை வெளியிட்டபின், நரம்பில் செல்வது மின்னியல்பு கொண்ட செய்தி என்பது படிப்படியாகப் புலனாயிற்று. மருத்துவர்கள் சொன்ன அந்த ‘ரூஹ்’ வேறு. மார்க்கம் பேசும் ரூஹ் வேறு. முன்னது ஒரு கருதுகோள். அது வீழ்ந்ததால் எவருடைய ஈமானும் வீழவில்லை. இன்றைய அறிவியல் கருத்து ஒவ்வொன்றையும் ஏதேனும் ஒரு வசனத்தோடு அவசரமாக முடிச்சுப் போடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வண்ண மையில் வரைந்தவர்கள்

படம் இல்லாமல் நரம்பைக் கற்பிப்பது கடினம். இப்னுல் ஹைஸம் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் இரு கண்களின் நரம்புகளும் கூடி மூளைக்குச் செல்வதை விளக்கினார். 1083இல் எழுதப்பட்ட அந்நூற்பிரதி ஒன்றில் இதைக் காட்டும் வரைபடம் இன்றும் உள்ளது.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஷீராஸைச் சேர்ந்த மன்ஸூர் இப்னு இல்யாஸ் ஒரு படி மேலே சென்றார். பாரசீகத்தில் அவர் எழுதிய உடற்கூற்று நூலில் எலும்பு, நரம்பு, தசை, சிரை, தமனி ஆகிய ஒவ்வொன்றுக்கும் முழுப்பக்கப் படம் உண்டு. நரம்புப் படத்தில் மனித உருவம் முதுகைக் காட்டி நிற்கிறது. தலை பின்னோக்கிச் சாய்ந்து வாய் மேற்பக்கம் பார்க்கிறது. தண்டிலிருந்து புறப்படும் நரம்பு இணைகள் வெவ்வேறு நிற மைகளால் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. இன்று நம் பிள்ளைகள் வண்ணப் பென்சிலால் செய்வதும் இதைத்தானே!

மானிப்பாயில் தமிழ் வகுப்பு

பக்தாதில் அரபிக்கு நிகழ்ந்தது தமிழுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822–1884) 1847இல் அங்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசுப் பணி தேடி ஊரைவிட்டுச் சென்றனர். தமிழில் கற்றவர்களோ கிராமத்து மக்களிடையே தங்குவார்கள் என்பது அவர் எண்ணம். அவர் தமிழில் ஆக்கிய நூல்களுள் ‘மனுஷ அங்காதிபாதம்’ உடற்கூற்றையும் ‘மனுஷ சுகரணம்’ உடலியலையும் சொல்வன. உடலுறுப்புகளுக்கான தமிழ்க் கலைச்சொற்களைத் தம் மாணவர்களோடு உழைத்து உருவாக்கினார்.

ஹுனைனும் கிரீனும் நம் சமயத்தவர் அல்லர். ஹுனைனைப் போற்றி ஆதரித்தது முஸ்லிம் சமூகம். கிரீனின் தமிழுழைப்பை நாம் அறிந்துகொள்ளவாவது வேண்டாமா?

மீண்டும் வெள்ளானூரில்

மகளை முழங்கையின் உட்புற எலும்பருகே மெல்லத் தட்டச் சொன்னேன். சுண்டுவிரல் வரை ஓர் அதிர்வு பாய்ந்தது, துள்ளிவிட்டாள். “இதுதான் நரம்பு. பாஸானியாஸின் விரலுக்குப் போனதும் இந்த வழிதான்” என்றேன். பிறகு ஒரு தாளில் மூளையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வரையச் சொல்லி, நன்னாவின் நோய் அக்கோட்டில் எங்கே இருந்தது என்று கேட்டேன். இடப்பக்க மூளையில் சிவப்புப் புள்ளி வைத்தாள். அவளுடைய கேள்விக்கு எங்களிடம் இருந்த ஒரே விடை அந்தப் புள்ளி.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ திடீரெனச் சோர்தல், பேச்சுக் குழறுதல்: இவற்றுள் ஒன்று தோன்றினாலும் தைலத்தைத் தேடாதீர்கள், உடனே 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் முதல் நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும்.

ஓருறுப்பு நோவுற்றால் முழு உடலும் உறக்கமிழந்து காய்ச்சல் காணும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஃமின்களை ஓருடலுக்கு உவமித்த நபிமொழியை நாம் அறிவோம். உடலில் அந்த நோவைத் தலைக்குச் சொல்வது நரம்பு. சமூகத்தில் அப்பணி கற்றவர்களுடையது. தாம் கற்றதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அதன் மொழியிலேயே சொல்லிக்கொடுக்காதவர் அறுந்த நரம்பு போன்றவர்.

வாப்பா இன்று கைத்தடியோடு நடக்கிறார். இடக்கையால் தஸ்பீஹ் எண்ணுகிறார். மகள் வரைந்த தாள் அவருடைய கட்டிலருகே ஒட்டப்பட்டிருக்கிறது.

வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியையும், நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும் நல்குவானாக. ஆமீன்.