தகரம் திரும்பிப் போன பாதை

ஒரு புறம் பெருங்கடல், மறு புறம் புத்தளம் களப்பு. நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டி மணல்மேட்டில் இருக்கிறது தலவில. ஓகஸ்ட் திருவிழாவுக்குப் புனித அன்னாள் தேவாலயத்தைத் தேடி வருகிறவர்கள் நாட்கணக்கில் தங்குவார்கள்; அவர்கள் வந்த வாகனங்களும் அத்தனை நாளும் உப்புக் காற்றில் நிற்கும். திருவிழா முடிந்தால் அவை போய்விடும். கரையோரத்து வாகனங்களுக்கு அந்தக் காற்று ஆண்டு முழுவதும் உண்டு. உப்புக் காற்று முதலில் தின்பது இயந்திரத்தை அல்ல, தகட்டை. மட்காட்டின் அடிவிளிம்பு, கதவின் கீழ்மடிப்பு, பெட்டியின் மூலை என்று ஈரமும் மண்ணும் தங்கும் இடமெல்லாம் கறள் பிடிக்கும். தேய்ந்த பிஸ்டனுக்கு மாற்று தேடுவது அவ்வளவு கடினமல்ல. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த வண்டிக்கு மட்காட்டை யாரிடம் கேட்பது? செய்த நாட்டிடம் கேட்க வேண்டும் என்பதுதான் வழக்கமான பதில். இலங்கையின் மோட்டார் வரலாறு அந்தப் பதிலைத் தலைகீழாக்கியது. உதிரிப்பாகத்தின் ஊர் எதுவென்று தீர்மானிப்பது வண்டி பிறந்த இடம் அல்ல, அதைத் தொடர்ந்து பழுதுபார்த்த இடம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு நல்ல சான்று மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வெளிவந்தது. 1953இல் அதே குடும்பத்தில் வேனும் பிக்கப்பும் சேர்ந்தன. இன்று நம்மவர்கள் ‘கெப்’ என்று சொல்லும் வகையின் சின்ன மூதாதை அந்தப் பிக்கப். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன. காருக்கும் பிக்கப்புக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு எலும்பில் இருக்கிறது. காரில் உடலே எலும்பு. படிப்பகுதி உக்கினால் வண்டியே தளர்ந்துவிடும். பிக்கப்புக்குத் தனிச் சட்டகம் உண்டு. மேலே இருக்கும் தகரம் முழுவதும் போனாலும் சட்டகம் நின்றால் வண்டியை மீண்டும் கட்டிவிடலாம். மூக்குப் பகுதி பெரும்பாலும் காருக்கும் பொதுவானது. முன் மட்காட் போல்ட் முடுக்கிப் பூட்டப்படுவது, கழற்றி மாற்றலாம். ஓட்டுநர் அறையின் பின்சுவரும் சாமான் பெட்டியும் பிக்கப்புக்கே உரியவை. அவற்றை வேறு காரிலிருந்து எடுக்க வழியில்லை, அடித்துத்தான் செய்யவேண்டும்.

அடித்துச் செய்யும் பழக்கம் இங்கே வேரூன்றியது ஆர்வத்தால் அல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியதும் அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை, ஏற்கெனவே வந்திறங்கிய வண்டிகளையே ஓட்டியாக வேண்டியிருந்தது. அனுமதிப் பத்திரமும் டொலரும் இல்லாமல் புதிய மட்காட் கப்பலேறாது. ஆகவே டிங்கரிங் பாஸ் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொழிற்சாலை ஆனார். அவர் வேலை பழைய மட்காட்டை அச்சாக வைத்துத் தொடங்கும். உக்கிய விளிம்பு எங்கே இருந்திருக்கும் என்று கண்ணால் அளந்து, தகட்டை வெட்டி, மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டுவார். உள்ளே இரும்புக் கட்டியைப் பிடித்து வெளியே தட்டினால் மேடு அடங்கும். ஒரே இடத்தில் அதிகம் அடித்தால் தகடு நீண்டு தொளதொளக்கும். பிறகு சுட்டுக் குளிர்வித்து அதை இறுக்கவேண்டும். இந்த அறிவு வரைபடத்தில் இல்லை. கையிலிருந்து கைக்குத்தான் போனது.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. புதிய கார் தாராளமாகக் கிடைத்த நாட்டில் பழைய தகட்டைத் தட்டி நிமிர்த்த எவருக்கும் நேரமில்லை. அந்தப் போக்குக்கு எதிராக நின்றவர் சார்ல்ஸ் வேர். பாத் நகரில் மொரிஸ் மைனருக்கென்றே நிலையம் தொடங்கிய அவர், ஆண்டுக்கொரு கார் மாற்றுவதைவிட ஒரே காரை ஆயுள் முழுக்கப் பேணுவதே சிக்கனம் என்று வாதாடி 1982இல் ஒரு நூலும் எழுதினார். பேண வேண்டுமானால் பாகம் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இலங்கைப் பங்காளியுடன் சேர்ந்து அவர் இங்கே மொரிஸ் மைனர் பாகங்களைச் செய்விக்கத் தொடங்கினார். ஒக்ஸ்போர்டுக்கு அருகே கௌலியில் பிறந்த காருக்கு, அது வந்திறங்கிய தீவிலிருந்து தகரம் திரும்பிப் போனது. வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைப்பது என்றால் ஆங்கிலேயருக்கு அந்த வெளிநாடு இலங்கையாக இருந்தது.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, மலிவான கூலிதானே காரணம் என்று கேட்கலாம். கூலியும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூலி மலிவான நாடுகள் பல இருந்தன. இந்தக் காரின் வளைவுகளை முப்பது ஆண்டுகளாகத் தட்டிப் பழகிய கைகள் எல்லா இடத்திலும் இல்லை. இந்தியாவோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே மொரிஸ் ஒக்ஸ்போர்டின் அச்சுகளே வங்காளத்து உத்தரபாராவுக்குப் போயின. அம்பாசிடர் 2014 வரை அந்த வழியில் வெளிவந்தது. அச்சு இயந்திரம் ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். இலங்கைக்கு அச்சு வரவில்லை, சுத்தியல்தான் இருந்தது. பத்து மட்காட், இருபது கதவுத் தகடு என்று கேட்கும் பழைய வண்டிச் சந்தைக்கு ஏற்றது சுத்தியல்தான்.

கையால் அடித்தது அசல் ஆகுமா என்பது அடுத்த கேள்வி. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு பிசகினாலும் கதவின் இடைவெளி கோணலாகத் தெரியும் என்பது உண்மை. எனினும் ‘அசல்’ என்பதன் கதையையும் பார்க்கவேண்டும். மொரிஸ் மைனர் வெளிவரும் முன்பு, அதன் அகலம் போதவில்லை என்று இசிகோனிஸுக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் சேர்த்தார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த வெட்டின் தழும்பு. முன்பே செய்து வைத்திருந்த பம்பர்களையும் வெட்டி, நடுவில் துண்டு வைத்து நீட்டினார்கள். பிறப்பிலேயே ஒட்டுப்போட்ட வண்டிக்கு இன்னொரு ஒட்டு அவமானம் ஆகாது.

வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு: இல்லாமையைத் திறமை என்று கொண்டாடுகிறோம் என்பது. 1990களில் பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில், கார்பரேற்றருக்குச் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய மொரிஸும் ஒஸ்டினும் வியப்புக்குரியவை. அந்த வியப்புக்காக யாரும் தடையை விரும்பமாட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வண்டிகளின் விலை ஏறியது. புதிய கைவினைஞர் தலைமுறை ஒன்று அதனால் மட்டும் உருவாகிவிடாது. தட்டுப்பாடு ஒருவரைத் தகடு அடிக்க வைக்கும். தொடர்ந்து அடிக்க வைப்பது கூலியும் கட்டளையும். 1977க்குப் பின் ஜப்பானிய வண்டிகள் குவிந்தன. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கழற்றிய மட்காட்டை வாங்கிப் பூட்டுவது புதிதாக அடிப்பதைவிடச் சுலபமாயிற்று. அந்தக் காலத்தில் சுத்தியலுக்கு வேலை கொடுத்தவற்றுள் ஒன்று பாத் நகரிலிருந்து வந்த கட்டளை.

இன்று தலவிலக் கரையில் ஒரு மொரிஸ் பிக்கப்பை மீட்க நினைப்பவர் இதை மனதில் வைத்துத்தான் தேடவேண்டும். கப்பற்கூலியும் சுங்கமும் கட்டி இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் முன் மட்காட், இந்தத் தீவிலேயே தட்டப்பட்டு ஒருமுறை கடல் கடந்ததாக இருக்கவும் கூடும். பின்சுவருக்கோ அந்தச் சுற்றுவழிகூட நிச்சயமில்லை. சட்டகத்தை அளந்து தகடு வெட்டத் தெரிந்த பாஸ் ஒருவரைத் தேடிப் போவதே நேர்வழி.