மூன்றாம் மனிதனும் மோட்டார் சட்டமும்

மோட்டார் வண்டி இன்ஷூரன்ஸ் என்றதும் நம்மவர் பலருக்கு நினைவு வருவது போலீஸ்காரர் கேட்கும் காகிதமே. ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோம், காகிதம் வருகிறது, அதை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். ஆனால் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியது, அக்காகிதத்தில் பெயரே காணாத ஒருவனுக்காக. வீதியோரம் நடந்து செல்லும் வழிப்போக்கனுக்காக. சட்டம் அவனை மூன்றாம் நபர் என்று அழைக்கிறது. அவனது உரிமை வளர்ந்த வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சுருங்கக் கூற விழைகிறோம்.

ஆங்கில ஆட்சியில், 1914-ஆம் ஆண்டிலேயே இந்திய மோட்டார் வண்டிச் சட்டம் பிறந்தது. வண்டியைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுபவர் லைசென்ஸ் பெற வேண்டும் என்றெல்லாம் அது கூறிற்றேயன்றி, அடிபட்டவன் கதி யாது என்று கேட்கவில்லை. மாண்டவன் குடும்பத்துக்கு இருந்த வழி, 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டப்படி சிவில் கோர்ட்டை நாடுவதே. ஸ்டாம்பு வாங்க வேண்டும், வக்கீல் அமர்த்த வேண்டும், ஓட்டியவனின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். இத்தனையும் செய்து டிக்ரி பெற்றாலும், பிரதிவாதியிடம் சொத்து இல்லையெனில் அது வெறுந்தாளே. அவர் இன்ஷூர் செய்திருந்தாலும் ஒப்பந்தம் அவருக்கும் கம்பெனிக்கும் இடையே ஆனது. அதில் சேராத விதவை கம்பெனியை நேரே கேட்க உரிமையற்றவள்.

இங்கிலாந்து 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தால் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கிற்று. இங்கும் ஒரு கமிட்டி ஆராய்ந்து பரிந்துரைக்க, 1939-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தில் எட்டாவது அத்தியாயம் அதற்கென எழுதப்பட்டது. எழுதினரேயன்றி உடனே அமல் செய்தாரில்லை. யுத்தம் வந்தது, யுத்தம் முடிந்தது, 1946 ஜூலை முதல் தேதியன்றுதான் அந்த அத்தியாயம் உயிர் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அடிபட்டோர்க்கு அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

அமலுக்கு வந்த பின்னரும் கம்பெனியின் பொறுப்புக்கு வரம்பு உண்டு. சரக்கு லாரிக்கு ரூ. 20,000, 1969-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ரூ. 50,000 ஆகவும், 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் ரூ. 1,50,000 ஆகவும் உயர்த்தின. மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் இவ்வரம்பை அறவே நீக்கியது, 1989 ஜூலையில் அமலுக்கு வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டமே. இதற்கிடையே 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் விபத்து நஷ்ட ஈட்டுக்கெனத் தனி டிரிப்யூனல்கள் அமைக்க வகை செய்தது. ஏழைக்கு அதுவே பெரிய உதவி என்பது நம் கருத்து.

ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் இங்கு ஒன்றைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. 1890-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 1943-இலேயே 82-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ரயில் மோதியோ தடம் புரண்டோ பயணி மாண்டால், நிர்வாகத்தின் தவறு உண்டா என்று பாராமலே ரூ. 10,000 வரை ஈடு தரவேண்டும் என்றது அது. சாலையிலோ, கவனக்குறைவை மெய்ப்பித்தே தீரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1977-இல்கூடக் கூறியது. தவறு யாருடையதாயினும் மரணத்துக்கு ரூ. 15,000, நிரந்தர ஊனத்துக்கு ரூ. 7,500 என்று மோட்டார் சட்டம் இறங்கி வந்தது 1982-இல். தண்டவாளத்தில் கிடைத்த நியாயம் தார்ச்சாலைக்கு வர 39 ஆண்டுகள் ஆயின!

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் கம்பெனி கைவிரித்துவிடும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. என்ஜினை நிறுத்தாமல் டிரைவர் இறங்கிச் செல்ல, லைசென்ஸ் அற்ற கிளீனர் லாரியை ஓட்டி விபத்து நேர்ந்த வழக்கொன்றில், லைசென்ஸ் பெற்ற டிரைவரிடம் வண்டியை ஒப்படைத்த சொந்தக்காரர் குற்றவாளி அல்லர், கம்பெனியே ஈடு தரவேண்டும் என்று 1987-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சொந்தக்காரர் தெரிந்தே நிபந்தனையை மீறினார் என்பதைக் கம்பெனிதான் மெய்ப்பிக்க வேண்டும் என்று 2004-இல் மேலும் தெளிவாக்கிற்று. அவ்வாறு மெய்ப்பித்த போதும், முதலில் அடிபட்டவனுக்குக் கொடு, பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று கோர்ட் உத்தரவிடலாம். ஆகவே மூன்றாம் மனிதன் பிழைப்பான். பத்தாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுத்த தந்தை, தம் பிராவிடண்டு பண்டைக் கரைக்க நேரலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அத்தந்தைக்கு ரூ. 25,000 அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. இன்ஷூரன்ஸ் இன்றி ஓட்டினால் முதன்முறை அபராதம் ரூ. 2,000; மறுமுறை ரூ. 4,000, 3 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

புது வண்டி வாங்குவோர் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைக் காருக்கு 3 ஆண்டுக்கும், இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டுக்கும் ஒருசேர எடுக்க வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பர் முதல் வந்தது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். இராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் சுப்ரீம் கோர்ட் இட்ட உத்தரவின் பயன் இது.

ஆயினும் மூன்றாம் நபர் பாலிஸி மட்டும் உடையோர் ஒன்றை அறிதல் நலம். ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் அமரும் மனைவிக்கு அதன் காப்பு இல்லை என்பது 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அவருக்கும் சேர்த்தே பாலிஸி எடுத்தல் வேண்டும்.

அடித்துவிட்டு நில்லாமல் ஓடிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் ஏது என்று அறிய வழியில்லை. அத்தகைய விபத்தில் மாண்டோர் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் முதல் ரூ. 2 லட்சமும், கொடுங்காயமுற்றோர்க்கு ரூ. 50,000-மும் தனி நிதியிலிருந்து தரப்படுகின்றன.

ஊரை விட்டு வந்து வாழும் நம் போன்றோர்க்கு மிகவும் வேண்டிய செய்தி 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உள்ளது. விபத்து விழுப்புரம் சாலையில் நேர்ந்திருப்பினும், மனுதாரர் தாம் வசிக்கும் ஊரின் டிரிப்யூனலிலேயே மனுச் செய்யலாம். வாய்தாதோறும் ரயிலேற வேண்டுவதில்லை. அதே ஆண்டில் நீக்கப்பட்ட காலக் கெடுவை மட்டும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மீண்டும் கொணர்ந்தது. 2022 ஏப்ரல் முதல் அமலான அக்கெடு, விபத்து நாளிலிருந்து 6 மாதம். அதனை எதிர்த்து வழக்குகள் எழுந்துள்ளன. எனினும் மனுவை அதற்குள் கொடுத்துவிடுவதே உத்தமம்.