நோயில்லா நோயாளர்

மருத்துவம் பயிலும் மாணவனின் கை முதன்முதலில் எதன்மேற் படவேண்டும்? பழகாத கைக்குத் தம் உடலை ஒப்புவிக்க எவரும் விரும்பார். உடலைத் தொட்டுப் பழகாத கையோ ஒருநாளும் தேர்ச்சி பெறாது. இவ்விடருக்கு வழிகாண மாந்தர் முயன்ற வரலாறு நெடியது.

சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல், அறுவை பயில்வோன் முதலிற் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களை அறுத்துப் பழகவேண்டுமென விதித்தது. சீன நாட்டிலே 1027ஆம் ஆண்டளவில் வாங் வெய்யி என்னும் அரச மருத்துவர், ஊசி மருத்துவம் பயிற்றுதற்பொருட்டு ஆளுயர வெண்கலப் பாவைகள் இரண்டை வார்ப்பித்தார். பிரான்சு தேசத்திலே மதாம் து கூத்ரே என்னும் மருத்துவிச்சி, 1759இல் பதினைந்தாம் லூயி மன்னனின் ஆணை பெற்று, துணியாலும் தோலாலும் அமைந்த பாவையுடன் ஊரூராகச் சென்று, நாட்டுப்புறப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்பித்தார்.

ஆனால் பாவை பேசாது. நோயாளரை வினவி, அவர் சொல்வதைக் கேட்டு, குறிகளை ஆராய்ந்து நோயறியும் கலையைப் பாவையிடம் எவ்வாறு கற்பது? ஆகவே அக்கலை வைத்தியசாலைக் கட்டிலருகே, உண்மை நோயாளரிடமே பயிலப்பட்டு வந்தது. இலவச வைத்தியம் நாடி வந்த ஏழைகளே அவருட் பலர்.

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹொவார்ட் பரோஸ் தாம் பயிற்சி பெற்ற காலத்திற் கண்ட நிகழ்ச்சியொன்று இங்கே குறிப்பிடத்தக்கது. பரீட்சைக்காக வரவழைக்கப்பட்ட நோயாளர் ஒருவரைப் பரீட்சார்த்தி ஒருவன் முரட்டுத்தனமாக நடத்தினான். சினங்கொண்ட அந்நோயாளர், தம் நோய்க்குறிகளை வேண்டுமென்றே மாற்றிக் காட்டிவிட்டதாகப் பின்னர் பரோஸிடம் கூறினார்.

1963இல் பரோஸ், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலே புதியதொரு முறையைப் புகுத்தினார். நலமுள்ள ஒருவருக்கு நோயின் குறிகளைக் கற்பித்து, நோயாளராக நடிக்கச் செய்தார். சகாக்கள் சிலர் எள்ளினர். எனினும் அம்முறை பிற்காலத்தில் பல நாடுகளின் மருத்துவப் பரீட்சைகளில் இடம்பெற்றது.

அதே பல்கலைக்கழகத்தில் 1960களிலேயே ஏபிரகாம்சன், டென்சன் ஆகியோரின் முயற்சியால் கணினி இயக்கும் பாவையொன்று உருவாயிற்று. ‘சிம் வன்’ எனப்பட்ட அப்பாவையின் மார்பு மூச்சுக்கேற்ப உயர்ந்து தாழ்ந்தது. கண்மணி சுருங்கி விரிந்தது. மயக்க மருத்துவம் பயில்வோர் அதனிடத்துப் பயிற்சி பெற்றனர். 1971இல் ‘கேஸ்’ என்னும் கணினி நிரல் வெளிவந்தது. மாணவன் இயல்பான மொழியில் வினாக்களைத் தட்டச்சிட, கணினி நோயாளராக நின்று விடையளித்தது.

இன்றைய மெய்நிகர் நோயாளர் இவ்வழித் தோன்றியவரே. மாணவன் திரையிலே நோய் வரலாற்றை வினவுகிறான், சோதனைகளைத் தெரிகிறான், சிகிச்சையை முடிவுசெய்கிறான். தவறினால் அதன் விளைவை அப்போதே கண்டு, மீண்டும் தொடங்குகிறான். வைத்தியசாலையில் அரிதாகவே வரும் நோயையும் அங்கே சந்திக்கிறான். எவருக்கும் தீங்கு நேர்வதில்லை.

ஆயினும் திரையிலுள்ள நோயாளருக்கு உண்மையில் வலியில்லை. முரட்டுக் கையைக் கண்டு அவர் நெஞ்சு நோவதுமில்லை. பரோஸ் கண்ட நோயாளரின் சினம் கற்பித்த பாடத்தை மனிதரிடமே பெறவேண்டும். ஆதலின், செய்யக்கூடிய பிழைகளைத் திரையிலே செய்து திருந்தியபின், கட்டிலருகே பணிவுடன் செல்லும் மாணவனே நல்ல வைத்தியனாவான்.