அளவோடு பிரிக்கும் ஒரு வினைச்சொல்

பங்கு பிரிப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைகள் பல. டிவைட் என்றால் துண்டாக்கியதோடு சரி, யாருக்கு என்று அது கேட்பதில்லை. ஷேர் என்பதில் ஓர் ஒட்டுறவு இருக்கும். அலாட் என்பதற்குள் ஒளிந்திருக்கும் 'லாட்', சீட்டுக் குலுக்கிப் போட்டு விழுந்த பங்கைக் குறித்த சொல். அப்போர்ஷன் என்ற வினை இவற்றோடு சேராமல் தனியே நிற்கிறது. வீட்டுப் பேச்சில் அது அதிகம் வராது. சட்டத்திலும் கணக்கேட்டிலும்தான் அதைப் பார்க்கலாம். காரணம், அதற்குப் பொருளும் பெறுபவர்களும் மட்டும் போதாது. இன்னாருக்கு இவ்வளவு என்று சொல்ல ஓர் அளவும் வேண்டும்.

அந்த அளவு சொல்லின் வேரிலேயே உள்ளது. லத்தீனில் 'போர்ஷியோ' என்றால் பங்கு. 'ப்ரோ போர்ஷியோனே' என்ற தொடருக்கு அவரவர் பங்குக்குத் தக்கபடி என்று பொருள். விகிதத்தைக் குறிக்கும் ப்ரொப்போர்ஷன் பிறந்தது இத்தொடரிலிருந்துதான். அப்போர்ஷன் அதன் உடன்பிறப்பு. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது.

அங்கே இச்சொல்லுக்கு நெடுநாள் வேலை கொடுத்தது வாடகை. இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டப்படி வாடகையைக் காலத்தால் கூறுபோட முடியாது. தவணை நாள் வந்தால்தான் அது கடன். ஆயுள் வரை மட்டும் நிலவுரிமை உடைய ஒருவர் தவணைக்கு முதல் நாள் இறந்துவிட்டால், அந்தத் தவணைப் பணம் யாருக்கும் இல்லை. இறந்தவர் பக்கத்தார் கேட்க முடியாது, அவர் இருந்தவரை பணம் கடனாகவில்லை. அடுத்து உரிமை பெற்றவரும் கேட்க முடியாது, அவர் கொடுத்த குத்தகை அல்ல அது. 1737ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அநீதியைக் கொஞ்சம் திருத்தியது. 1870இல் வந்த அப்போர்ஷன்மென்ட் சட்டம், வாடகையும் ஆண்டுத்தொகையும் பங்காதாயமும் நாளுக்கு நாள் சேர்வனவாகவே கருதப்படும் என்று விதித்தது. நம் சொத்து மாற்றுச் சட்டத்தின் (1882) 36ஆம் பிரிவும் இதே வழிதான். வேறு ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாவிட்டால், மாத நடுவில் கைமாறும் வீட்டின் வாடகை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நாள் கணக்கில் பிரியும்.

பணத்தைப் பிரித்த சொல் பிறகு பழியையும் பிரித்தது. விபத்தில் அடிபட்டவர்மீதும் சிறிது தவறிருந்தால், ஆங்கிலச் சட்டம் ஒரு காலத்தில் ஒரு காசும் தராது. 1945ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அவரவர் பொறுப்பின் அளவுக்கு இழப்பீட்டைக் குறைத்துக் கொடுப்பது விதியானது. பழியைப் பகிர்வது பற்றி ஆங்கிலச் செய்தித்தாள்கள் எழுதும்போது இந்த வினையைத்தான் எடுக்கின்றன.

ஆனால் இச்சொல்லின் பெரிய வாழ்க்கை அமெரிக்காவில். 1787இல் எழுதிய அரசியலமைப்பு, கீழவை இடங்களையும் நேரடி வரிகளையும் மாநிலங்களிடையே மக்கள் எண்ணிக்கைப்படி பங்கிட வேண்டும் என்று இதே வினையால் கட்டளையிட்டது. கட்டளையோடு ஓர் அளவையும் வைத்தது: அடிமைப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்படுவர். அவர்களுக்கு வாக்கில்லை, அவர்களை வைத்திருந்த மாநிலங்களுக்கோ கூடுதல் இடங்கள். வகுத்தல் பிசகவில்லை, அளவே கொடியது. அது மாற 1868 வரை ஆயிற்று.

மிச்சம் இன்னொரு தொல்லை. மனிதர்களை வகுத்தால் பின்னம் வரும். இடங்களைப் பின்னமாகக் கொடுக்க முடியாது. 1790 கணக்கெடுப்புக்குப் பின், மீதமுள்ள இடங்களைப் பெரிய பின்னம் உள்ள மாநிலங்களுக்குக் கொடுக்கலாம் என்றார் அன்றைய நிதியமைச்சர் ஹாமில்டன். அப்படி அமைந்த 120 இட மசோதாவை 1792 ஏப்ரல் 5 அன்று வாஷிங்டன் திருப்பி அனுப்பினார். அந்நாட்டுத் தலைவர் ஒருவர் மசோதாவைத் தடுத்தது அதுவே முதல் முறை. பிறகு வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனின் வழி வந்தது: 33,000 என்ற ஒரே வகுஎண், பின்னங்களைத் தள்ளிவிடு, மொத்தம் 105 இடம். இந்த முறை பெரிய மாநிலங்களுக்குச் சாதகமானது. ஜெஃபர்சனின் வர்ஜீனியாதான் அன்றைய பெரிய மாநிலம்.

ஹாமில்டன் முறை பின்னாளில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1880 கணக்கெடுப்பையொட்டி, கணக்கெடுப்பு அலுவலகத்தின் தலைமை எழுத்தர் சீட்டன் பல அவை அளவுகளுக்குப் போட்டுப் பார்த்ததில் ஒரு விந்தை தெரிந்தது: அவையில் 299 இடம் என்றால் அலபாமாவுக்கு 8, 300 என்றால் 7. மொத்தம் கூடியது, பங்கு குறைந்தது. 1920 கணக்கெடுப்புக்குப் பின், நகரங்கள் பெருத்ததைக் கண்டு காங்கிரஸ் அந்தப் பத்தாண்டு முழுவதும் பங்கீடே செய்யவில்லை. இன்றுள்ள முறை 1941இல் வந்தது. 2020 கணக்கெடுப்பில் இன்னும் 89 பேர் இருந்திருந்தால் நியூயார்க் ஓர் இடத்தை இழந்திருக்காது.

நம் அரசியலமைப்பின் 81ஆம் பிரிவில் உள்ள வினை அலாட். ஆயினும் இடத்துக்கும் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம் இயன்றவரை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது அது, செயல் அப்போர்ஷன்தான். அதன்படி சென்னை மாநிலத்தின் மக்களவை இடங்கள் 1967 தேர்தலில் 41இலிருந்து 39 ஆயின. குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்கள் அதற்காகவே இழக்கக் கூடாது என்று 1976இல் 42ஆம் திருத்தம் பங்கீட்டை 1971 கணக்கோடு நிறுத்தியது. 84ஆம் திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

இந்த விவாதங்களைத் தமிழில் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். அப்போர்ஷன் வரும் இடத்தில் 'ஒதுக்கு' என்று எழுதாதீர்கள். ஒதுக்குவது கொடுப்பவரின் விருப்பம் போல ஒலிக்கிறது. 'பங்கிடு' என்று எழுதுங்கள். எந்த அளவுப்படி என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்து எழுதுங்கள்.